வாணலியில் ஸ்டேக், மேலே மூலிகை வெண்ணெய்: வீட்டுச் சமையலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நல்ல மாட்டிறைச்சித் துண்டு, உப்பு, எண்ணெய், வெண்ணெய், தைம் என்ற மூலிகை நான்கைந்து கொத்து, இரண்டு பல் பூண்டு. ஸ்டேக்குக்கு இவ்வளவுதான் வேண்டும். மசாலா அரைக்கும் வேலை இல்லை, குக்கர் விசில் எண்ணும் வேலை இல்லை. அடுப்பருகே நிற்பது பத்து நிமிடம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் நன்றாக அமைய வேண்டுமானால், அதற்கு முன்பே ஒரு காரியத்தை ஒழுங்காக முடித்திருக்க வேண்டும். இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் என்பதே இருக்கக் கூடாது. பலர் வீட்டில் ஸ்டேக் சாம்பல் நிறத்தில், வேகவைத்த மாதிரி வந்து நிற்பதற்குக் காரணம் அடுப்போ வாணலியோ அல்ல, இந்த ஈரம்தான்.

நான் இங்கே எழுதுவது பிரெஞ்சு முறை. பாரிஸில் தெருமுனைச் சிற்றுணவகம் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், உணவுப் பட்டியலில் ஆந்த்ரகோத் என்ற ஸ்டேக் பெரும்பாலும் இருக்கும். தட்டின் ஒரு பக்கம் பொரித்த உருளைக்கிழங்கு, மறுபக்கம் பழுப்பாக முறுகிய இறைச்சி, அதன்மேல் பச்சைப் பொட்டுகளுடன் உருகிக்கொண்டிருக்கும் ஒரு வில்லை வெண்ணெய். அந்த வெண்ணெயை ‘பேர் மேத்ர தொத்தெல்’ என்பார்கள். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் உழைக்கும் ஈழத் தமிழர்கள் பலருக்கு இந்தத் தட்டு அன்றாட வேலை. வீட்டிலும் இதை அதே தரத்தில் செய்ய முடியும். உணவகத்தில் இருப்பது பெரிய அடுப்பும் பழகிய கையும்தான். பழகிய கைக்குப் பதிலாக நமக்கு ஒரு வெப்பமானி போதும்.

கடையில் என்ன கேட்பது

ஆந்த்ரகோத் என்பது முதுகை ஒட்டிய விலாப் பகுதி. ஆங்கிலம் பேசும் நாடுகளில் ரிப்-ஐ என்பார்கள். மாடு நடக்கவும் பாரம் இழுக்கவும் அதிகம் பயன்படுத்தாத தசை என்பதால் இயல்பாகவே மென்மையானது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு இழையோடியிருக்கும். சூட்டில் அந்தக் கொழுப்பு உருகித்தான் சுவையும் சாறும் தருகிறது. முதல்முறை செய்பவர்கள் இதையே வாங்குங்கள். ஓரிரு நிமிடம் கூடுதலாக வெந்துவிட்டாலும் கொழுப்பு காப்பாற்றிவிடும்.

தமிழ்நாட்டுக் கடைகளில் கதை வேறு. இங்கே கிடைப்பது பெரும்பாலும் வயதான மாட்டின் இறைச்சி அல்லது எருமை இறைச்சி. குழம்புக்கும் வறுவலுக்கும் அருமையாக இருக்கும். நீண்ட நேரம் வேகும்போது அதன் சவ்வுகள் கரைந்து குழைந்துவிடும். ஆனால் ஸ்டேக்குக்கு அந்த நேரம் கிடையாது. எனவே அண்டர்கட் என்று கேட்டு வாங்குங்கள். முதுகெலும்புக்குக் கீழே நீளமாக இருக்கும் தசை அது. மாட்டின் உடலிலேயே மிக மென்மையான பகுதி. கொழுப்பு குறைவு என்பதால் தனியாகச் சாப்பிட்டால் சற்றுச் சப்பென்றிருக்கும், அந்தக் குறையை வெண்ணெய் ஈடுகட்டும். கடைக்காரர் பழக்கத்தில் உடனே கத்தியை எடுத்துச் சிறு துண்டுகளாகப் போட்டுவிடுவார். எடை போடும் முன்பே “துண்டு போட வேண்டாம், முழுதாக வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் மேலே பளபளக்கும் வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் சீவி எடுத்துவிட்டு, நீங்களே குறுக்காகத் தடித்த வட்டங்களாக வெட்டிக்கொள்ளலாம்.

எந்தப் பகுதியாக இருந்தாலும் தடிமன் முக்கியம். குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் வேண்டும். நான்கு சென்டிமீட்டர் வரை போகலாம். மெல்லிய துண்டில் வெளியே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே முழுதாக வெந்து இறுகிவிடும். இருவர் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு மெல்லிய துண்டுகளைவிட, 450 கிராம் அளவில் தடித்த ஒரே துண்டை வாங்கிச் சமைத்துப் பங்கிடுவதே மேல்.

கழுவ வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம்

நம் வீடுகளில் இறைச்சி வந்ததும் மஞ்சள்தூள் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவதுதான் வழக்கம். ஸ்டேக்குக்கு இதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் இருப்பது மேற்பரப்பில்தான். 200 டிகிரி வாணலியில் அவை தப்பிப் பிழைக்காது. குழாயடியில் கழுவினால் அந்தக் கிருமிகள் தெறித்துத் தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் போய் ஒட்டுவதுதான் மிச்சம். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால் முந்தைய நாளே கழுவி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இஞ்சி பூண்டு விழுதும் தயிரும் மிளகாய்த்தூளும் வேறு சமையலுக்கு உரியவை. அவற்றைப் பூசிய இறைச்சி சூடான வாணலியைத் தொட்டதும் முதலில் விழுது கருகும், பிறகு தயிர்த் தண்ணீர் கொதிக்கும். இறைச்சி மட்டும் முறுகவே முறுகாது.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அது இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு அதற்கு மேல் ஏறாது. இறைச்சியைப் பழுப்பாக்கி அந்த வறுத்த மணத்தைத் தருவது மெயார் வினை. லூயி கமில் மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்தது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாக மாறும் இந்த வினை 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். போதாக்குறைக்கு, ஐஸ் குளிர்ச்சியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. இறைச்சியின் மேல் ஒரு கரண்டி ஈரம் இருந்தால் வாணலியின் சூடு முழுவதும் அதை விரட்டுவதிலேயே செலவாகிவிடும். அது முடிவதற்குள் உள்ளே வெந்துவிடும்.

உப்பு

300 கிராம் துண்டுக்கு 3 கிராம் உப்பு, அதாவது தூளுப்பில் அரைத் தேக்கரண்டி. எடையில் நூற்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு எப்போதும் கைகொடுக்கும்.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது பெரிய கேள்வி. உப்பு போட்ட சில நிமிடங்களில் இறைச்சியிலிருந்து தண்ணீர் முத்துமுத்தாக வெளியே வரும். பத்தாவது நிமிடத்தில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க நனைந்திருக்கும். அப்போது வாணலியில் போடுவதுதான் மிக மோசமான நேரம். பொறுத்திருந்தால் அந்த உப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே திரும்பிவிடும். முக்கால் மணி நேரத்தில் மேற்பரப்பு மீண்டும் வற்றத் தொடங்கும். எனவே, சமைக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தால் முன்கூட்டியே உப்பு தடவுங்கள். இல்லையென்றால் வாணலியில் போடும் அந்த நொடியில் தடவுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் வேண்டாம்.

என் தேர்வு முந்தைய இரவு. உப்பு தடவி, ஒரு தட்டின்மேல் கம்பி வலை வைத்து, அதன்மேல் இறைச்சியை மூடாமல் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். காலையில் தொட்டுப் பார்த்தால் மேல்தோல் காய்ந்து, நிறம் சற்றுக் கருத்து, விரலில் ஒட்டாமல் இருக்கும். அந்த ஸ்டேக் வாணலியில் பட்ட ஒரு நிமிடத்தில் பழுப்பாவதைப் பார்த்தவர்கள் வேறு முறைக்குத் திரும்ப மாட்டார்கள். உறைந்த இறைச்சியாக இருந்தால் அதற்கும் ஒரு நாள் முன்பே எடுத்துக் குளிர்பதனப் பெட்டியிலேயே உருகவிடுங்கள்.

அரை மணி நேரம் வெளியே வைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பலர் சொல்வார்கள். தடித்த துண்டின் நடுப்பகுதி அந்த நேரத்தில் மிகக் குறைவாகவே சூடேறும். அந்தப் பொழுதை மேற்பரப்பை உலர்த்தச் செலவிடுங்கள்.

மிளகு இப்போது வேண்டாம். அத்தனை சூட்டில் கருகிக் கசக்கும். தட்டுக்கு வந்த பிறகு பொடித்துத் தூவினால் மணம் முழுதாக நிற்கும்.

மூலிகை வெண்ணெய்

இதை முந்தைய நாளே செய்து வைத்துவிடலாம். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராமை வெளியே வைத்து இளகவிடுங்கள். உருகக் கூடாது, விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். அதில் பொடியாக நறுக்கிய பார்ஸ்லி (கொத்தமல்லி போன்ற இலை) இரண்டு மேசைக்கரண்டி, தண்டிலிருந்து உருவிய தைம் இலை ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்துக் கரண்டியால் பிசையுங்கள். எலுமிச்சைச் சாறு முதலில் வெண்ணெயுடன் சேராமல் விலகி ஓடும். விடாமல் பிசைந்தால் உள்வாங்கிக்கொள்ளும். பட்டர் பேப்பரில் வைத்து உருளையாகச் சுருட்டி, இரண்டு முனைகளையும் முறுக்கி, இரண்டு மணி நேரம் குளிரவைத்தால் வில்லை வில்லையாக வெட்டலாம்.

பார்ஸ்லியைக் கழுவினால் நன்றாக உலர்த்திய பிறகே நறுக்குங்கள். பார்ஸ்லியும் எலுமிச்சையும்தான் அசல் பிரெஞ்சு வெண்ணெயின் அடிப்படை. தைம் என் சேர்க்கை. பூண்டையும் இதில் அரைத்துப் போடுகிறவர்கள் உண்டு. பச்சைப் பூண்டின் காரம் பார்ஸ்லியின் மணத்தை அமுக்கிவிடும் என்பதால் நான் போடுவதில்லை. பூண்டுக்கு இடம் வாணலியில்.

தைமும் ரோஸ்மேரியும் நீலகிரியில் விளைகின்றன, ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் போகிறவர்கள் பசுமையாக வாங்கலாம். தைமின் மணத்துக்கு முக்கியக் காரணமான தைமால்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது. ஆனால் ஓமத்தில் அது மிகக் கடுமையாக இருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே அளவில் போட்டுவிடாதீர்கள். தைம் கிடைக்காவிட்டால் பார்ஸ்லி மட்டும் போதும்.

வாணலியும் எண்ணெயும்

கனமான வார்ப்பிரும்பு வாணலி சிறந்தது. இரும்பு சூட்டை வேகமாகக் கடத்தாது, ஆனால் அதன் கனத்தில் நிறையச் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். குளிர்ந்த இறைச்சி விழுந்ததும் சட்டென்று ஆறிப்போகாது. அடி தடித்த எவர்சில்வர் வாணலியும் சரிதான். பழகிய இரும்புத் தோசைக்கல்லில் நன்றாகவே முறுகும், ஆனால் விளிம்பு இல்லாததால் வெண்ணெய் வழிந்து அடுப்பில் தீப்பிடிக்கும். தோசைக்கல்லில் செய்தால் வெண்ணெய் ஊற்றும் கட்டத்தையே விட்டுவிடுங்கள். நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம். 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதையத் தொடங்கும், காலி வாணலி அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும்.

எண்ணெய் ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ இருக்கட்டும். செக்கு எண்ணெய்கள் சீக்கிரம் புகைந்து கசந்துவிடும். நல்ல நெய்யும் இதற்குப் பொருந்தும். வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள்களும் தண்ணீரும் நெய்யில் இல்லாததால் அதிகச் சூட்டைத் தாங்கும்.

அடுப்பில்

ஜன்னலைத் திறந்து, வெளியேற்று மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். புகை நிச்சயம் வரும். வெண்ணெய், பூண்டு, தைம், இடுக்கி, கரண்டி, வெப்பமானி எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தொடங்கிய பிறகு தேடப் போக முடியாது. வாணலிக்குப் பொருந்தும் மூடி ஒன்றும் பக்கத்தில் வேண்டும். எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

காலி வாணலியை மிதத்துக்குச் சற்று மேலான தீயில் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். விழுந்த இடத்திலேயே சுர்ரென்று வற்றினால் சூடு போதாது. உருண்டையாகத் திரண்டு வழுக்கி ஓடினால் 200 டிகிரி பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சொட்டு முழுதாக மறைந்த பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் நெளிந்து மினுங்கி, முதல் புகை இழை எழும்போது இறைச்சியைக் காகிதத் துவாலையால் கடைசியாக ஒருமுறை ஒற்றி, உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். எண்ணெய் தெறித்தாலும் உங்களை விட்டு விலகித் தெறிக்கும். இடுக்கியால் பத்து நொடி மெல்ல அழுத்துங்கள், முழுப் பரப்பும் இரும்பைத் தொட வேண்டும்.

இப்போது சத்தத்தைக் கவனியுங்கள். ஓங்கிய, இடைவிடாத பொரியும் சத்தம் வர வேண்டும். அது அடங்கி, கொதிக்கும் சத்தமாக மாறினால் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். உடனே தீயைக் கூட்டுங்கள். இரண்டு துண்டுகளை நெருக்கிப் போட்டாலும் இதேதான் நடக்கும். நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும்.

‘மேற்புறத்தை முறுகவைத்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும்’ என்ற நம்பிக்கை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் பரப்பியது. அது தவறு. முறுகிய பிறகும் பொரியும் சத்தம் நிற்பதில்லை, சாறு தொடர்ந்து வெளியேறி ஆவியாகிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே சான்று. முறுகவைப்பது சுவைக்காக மட்டுமே. சாற்றைக் காப்பது உள்சூடு.

ஒரே ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்ற விதியையும் மறந்துவிடலாம். முதல் முறை ஒன்றரை நிமிடம் விடுங்கள், அதன் பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். அடிக்கடி திருப்பும்போது எந்தப் பக்கமும் அளவுக்கு மீறிச் சூடேறாது. உள்ளே வெட்டிப் பார்த்தால் விளிம்பில் சாம்பல் நிறப் பட்டை மெலிதாகவே இருக்கும். ஆந்த்ரகோத்தின் ஓரத்தில் தடித்த கொழுப்பு இருந்தால் இடுக்கியால் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, அந்த ஓரத்தை ஒரு நிமிடம் வாணலியில் பதித்துப் பிடியுங்கள். வெள்ளைக் கொழுப்பு பொன்னிறமாகி முறுகும்.

நான்கைந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் நல்ல பழுப்பு வந்திருக்கும். வெப்பமானியைப் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதி வரை செருகிப் பாருங்கள். 45 டிகிரி காட்டினால் தீயைப் பாதியாகக் குறைத்து 30 கிராம் சாதா வெண்ணெய், தோலோடு நசுக்கிய பூண்டு இரண்டு பல், தைம் கொத்து எல்லாவற்றையும் போடுங்கள். தைம் படபடவென்று வெடிக்கும், பயப்பட வேண்டாம். வெண்ணெய் நுரைத்துப் பொங்கும். அந்த நுரை வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் ஆவியாவதுதான். வாணலியைக் கைப்பிடிப் பக்கம் லேசாகச் சாய்த்து, தேங்கும் வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளி இறைச்சியின்மேல் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் போதும். இடையில் ஒருமுறை திருப்புங்கள். நுரை அடங்கி, முந்திரி வறுத்த மணம் வந்து, வெண்ணெய் இளம்பழுப்பாகும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அரை நிமிடம் போனால் பால் திடப்பொருள்கள் கருகிவிடும். வெண்ணெயைத் தொடக்கத்திலேயே போடாததற்கும் இதுதான் காரணம்.

எப்போது எடுப்பது

கடிகாரம் இதற்கு உதவாது. தடிமன், தொடக்கச் சூடு, அடுப்பு எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். விரலால் அழுத்திப் பார்ப்பது நீண்ட நாள் அனுபவசாலிகளுக்குச் சரிவரும். மற்றவர்கள் வெப்பமானியை நம்புங்கள். நடுப்பகுதி 50 முதல் 52 டிகிரி என்றால் உள்ளே நன்கு சிவந்திருக்கும், பிரெஞ்சுக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் ‘சேன்யான்’ இதுதான். 54 முதல் 57 வரை மீடியம் ரேர் (நடுவில் சிவப்பு), 60 முதல் 63 வரை மீடியம் (இளஞ்சிவப்பு), 70ஐத் தாண்டினால் வெல் டன் (முழுதாக வெந்தது). இறைச்சி வெளியே வந்த பிறகும் உள்சூடு இரண்டு மூன்று டிகிரி ஏறும். எனவே வேண்டிய அளவுக்கு மூன்று டிகிரி முன்பே எடுத்துவிடுங்கள்.

உள்ளே சிவப்பாக இருந்தால் நம்மில் பலருக்கு ரத்தம் என்று தோன்றும். அது ரத்தம் இல்லை. தசைக்குள் ஆக்சிஜனைத் தேக்கி வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம், தண்ணீரில் கலந்து வருகிறது. முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு நான் 60 டிகிரியைத்தான் பரிமாறுவேன். இளஞ்சிவப்பாக, சாறோடு இருக்கும். அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்குப் பரிந்துரைப்பது 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் 71 டிகிரிவரை வேகவைத்தே சாப்பிடட்டும். கொத்திய இறைச்சிக்கு எல்லோருக்குமே 71 டிகிரிதான். அதில் மேற்பரப்புக் கிருமிகள் உள்ளே கலந்துவிடுகின்றன. ஊசிகளால் குத்தி மென்மையாக்கிய துண்டுகளிலும் அதே ஆபத்து உண்டு.

ஓய்வு, வெட்டு, தட்டு

எடுத்த ஸ்டேக்கைக் கம்பி வலையில் ஐந்து நிமிடம் வையுங்கள். தட்டையான தட்டில் வைத்தால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நனைந்து, பாடுபட்டுக் கொண்டுவந்த முறுகல் போய்விடும். மூடவும் வேண்டாம். வாணலியில் மிஞ்சிய பழுப்பு வெண்ணெயை வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும் முன் இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்து, அதற்குக் குறுக்காக ஒரு விரல் அகலத்தில் வெட்டுங்கள். இழை குட்டையானால் மெல்லுவது எளிது. சூடான தட்டில் அடுக்கி, பழுப்பு வெண்ணெயைச் சொட்டி, மிளகைப் பொடித்துத் தூவி, குளிர்ந்த மூலிகை வெண்ணெயில் அரை அங்குல வில்லை ஒன்றை மேலே வையுங்கள். பாதி உருகியும் பாதி உருகாமலும் இருக்கும்போது சாப்பிடத் தொடங்கிவிட வேண்டும். அப்போதுதான் எலுமிச்சையின் புளிப்பும் பார்ஸ்லியின் பச்சை மணமும் கொழுப்புக்கு நடுவே எடுப்பாகத் தெரியும்.

துணைக்குப் பொரித்த உருளைக்கிழங்கு இருந்தால் நல்லது, இல்லையென்றால் வேகவைத்த உருளைக்கிழங்கை அதே வாணலியில் புரட்டி எடுங்கள். வினிகர் சேர்த்த இலைச் சாலட் ஒரு கைப்பிடி, தொட்டுக்கொள்ள தீஜோன் கடுகு விழுது கொஞ்சம். வேறு குழம்புச் சாறு எதுவும் வேண்டாம், வெண்ணெயே அந்த வேலையைச் செய்துவிடும்.

மிஞ்சிய ஸ்டேக்கை மீண்டும் சூடாக்கினால் இறுகிவிடும். குளிர்ச்சியாகவே மெல்லியதாகச் சீவி மறுநாள் ரொட்டிக்கு நடுவே வைத்துச் சாப்பிடுங்கள். மிஞ்சிய மூலிகை வெண்ணெய் உறைநிலையில் ஒரு மாதம் தாங்கும். வறுத்த மீனுக்கும் அவித்த சோளத்துக்கும் அது அவ்வளவு பொருத்தம். வார்ப்பிரும்பு வாணலியை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.